வேதசிரோமணி கேட்டிராத சத்தம்

மேற்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் வேதசிரோமணியின் லேப் இருந்தது. ரத்தம் எடுக்கும் லேப் இல்லை, பல்செட் செய்யும் லேப். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். வேதசிரோமணி அதில் பிளாஸ்டர் ஊற்றித் தாடையை வார்ப்பார். இளஞ்சிவப்பு மெழுகில் ஈறு கட்டி, பற்களை ஒவ்வொன்றாக நிறுத்துவார். பிறகு மெழுகை உருக்கி எடுத்துவிட்டு அந்த இடத்தில் அக்ரிலிக்கை வேகவைப்பார். தேய்த்து மெருகேற்றி, சின்ன டப்பாவில் போட்டுத் திருப்பி அனுப்பினால் வேலை முடிந்தது. அது யாருடைய வாய்க்குப் போகிறது என்று அவருக்குத் தெரியாது. கல்யாணப் பந்தியில் வயதான ஒருவர் வடையைக் கடிக்கும்போது மட்டும், நம் கைப் பல்லாக இருக்குமோ என்று ஒரு கணம் பார்ப்பார். பிறகு தன் இலைக்குத் திரும்பிவிடுவார்.

ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஒல்லியான உடம்பு, குறைந்த பேச்சு. சேலையூரில் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில் சொந்த வீடு. மனைவி செல்வமேரி பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மகள் சினேகா கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படித்தாள். இதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்ல அந்தத் தெருவில் யாரிடமும் அதிகம் இருந்திருக்காது, வீட்டு வாசலில் பச்சைத் தார்ப்பாய்க்கு அடியில் அந்த வெள்ளை லான்சர் கார் மட்டும் நிற்காமல் இருந்திருந்தால்.

அதை அவர் வாங்கியது இரண்டாயிரமாவது ஆண்டில். அப்போது அது சாதாரணக் குடும்ப வண்டி. பின்சீட்டில் மூன்று பேர் உட்காரலாம், டிக்கியில் பெட்டி வைக்கலாம். ஜப்பானில் பழைய கார்களைப் பாதியாக அறுத்து, முன்பாதியை மட்டும் கப்பலில் ஏற்றி அனுப்புவார்கள். ஹாஃப் கட் என்று அதற்குப் பெயர். அப்படி வந்த ஒரு முன்பாதியைப் புதுப்பேட்டையில் பழைய கார் பாகங்கள் விற்கும் ஒரு கடையில் பார்த்தார். உள்ளே, காற்றை அழுத்தித் தள்ளி வேகம் கூட்டும் டர்போ வைத்த எஞ்சின் இருந்தது. அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். மறுநாள் மறுபடி போய்ச் சுற்றினார். கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்து, தொழிலை விசாரித்துத் தெரிந்துகொண்டு, "உள்ள கண்ண வுட்டுப் பாத்துகினே கீறியே, எஞ்சினுக்குப் பல் ஏதாச்சும் ஆடுதா சார்?" என்று கேட்டார்.

கடைசியில் அந்த எஞ்சினை வாங்கி வந்து லான்சருக்குள் வைத்தார். அதற்காக யாரிடமும் போய்க் கற்றுக்கொள்ளவில்லை. ஜப்பானிய மொழியில் ஒரு பழைய பழுதுபார்ப்புப் புத்தகம் கிடைத்தது. எழுத்து ஒன்றும் புரியாது, படங்கள் புரிந்தன. வெல்டிங் வேலைக்கு மட்டும் இரும்புலியூரில் பட்டறை வைத்திருந்த முனிரத்தினத்திடம் போவார். மற்ற எல்லாவற்றையும் வாசலில், தார்ப்பாயைத் தூக்கிக் கட்டி, தானே செய்தார். எஞ்சினுக்குள் காற்று போகும் வழிகளைப் லேபில் பல்செட்டைத் தேய்க்கும் மைக்ரோமோட்டாராலேயே தேய்த்து அகலப்படுத்தினார். கைப்பழக்கத்தில் அவற்றைக் கண்ணாடி மாதிரி மெருகேற்றியும்விட்டார். ஈறாக இருந்தால் அது சரி. உணவுத் துணுக்கு ஒட்டாது. எஞ்சினுக்கோ அந்த வழவழப்பு ஆகவில்லை. பெட்ரோல் காற்றோடு கலக்காமல் சுவரோடு வழிந்தது. வண்டி காலையில் இருமியது. பல நாள் யோசித்துக் காரணத்தைக் கண்டுபிடித்தார். மறுபடி எல்லாவற்றையும் கழற்றி, தான் ஏற்றிய மெருகைத் தானே சொரசொரப்பாக்கினார். வாழ்க்கையில் ஒரு பொருளை வேண்டுமென்றே கரடுமுரடாக்கியது அது ஒன்றுதான் என்று செல்வமேரியிடம் சொன்னார். அவள், "என் பொறுமைய கணக்குல விட்டுட்டீங்க" என்றாள்.

இப்படி ஸ்பிரிங் மாறியது, பிரேக் மாறியது, சைலன்ஸர் மாறியது. எடை குறைய வேண்டுமென்று பின்சீட்டும் ஏ.சி.யும் போயின. புது எஞ்சின் நம்பரை ஆர்.சி. புக்கில் முறைப்படி ஏற்றிக்கொண்டார். வண்டி தரையோடு தரையாக உட்கார்ந்துகொண்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில், ஆலயத்துக்குக் கிளம்பும் முன், விடியும் நேரத்தில் அதை எடுத்துக்கொண்டு வண்டலூர் கேளம்பாக்கம் சாலைக்குப் போவார். அப்போதெல்லாம் அது ஆளில்லாத சாலை. இரண்டு பக்கமும் ஏரி, புதர், எப்போதோ வரப்போகும் மனைகளுக்கு நட்ட வெள்ளைக் கற்கள். பனி தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் படுத்திருக்கும். வண்டி அந்தப் பனிக்குள் மூக்கை நுழைக்கும்போது, தான் ஓட்டுவதாகவே அவருக்குத் தோன்றாது. சாலைதான் அவரை நோக்கி எழுந்து வந்து, அவருக்குள் புகுந்து, முதுகு வழியாக வெளியேறிப் போகும். எஞ்சினின் ஒலி காலின் கீழிருந்து தொடங்கி நெஞ்சுக்கூட்டில் வந்து தங்கும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் டர்போ ஒரு மூச்சு விடும். பிறகு ஏரிமேட்டில் வண்டியை நிறுத்திச் சாவியைத் திருப்புவார். சூடான இரும்பு டிக், டிக் என்று ஆறும். தண்ணீர்மேல் சூரியன் வரும். வீட்டுக்குத் திரும்பி, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, ஆலயத்தில் மூன்றாவது வரிசையில் உட்காருவார். பாட்டின்போது உதடு அசையும். உள்ளே வேறு ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்.

சாவியை யாரிடமும் கொடுத்ததில்லை. முனிரத்தினம் ஆரம்பத்திலேயே கேட்டார். "ஒரே ஒரு ரவுண்டு குடு சார். நான் வச்ச வெல்டிங் தாங்குதா இல்லியான்னு எனக்குத் தெரிய வேணாமா?" வேதசிரோமணி சிரித்துக்கொண்டே சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதோடு முனிரத்தினம் கேட்பதை நிறுத்திவிட்டார். வெல்டிங் மட்டும் நன்றாகவே வைத்துக் கொடுத்தார்.

2008ஆம் ஆண்டு வேதசிரோமணியின் கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டதென்று டாக்டர் படம் எடுத்துக் காட்டினார். பல ஆண்டு குனிந்து பல் அடுக்கியதன் கூலி. குனிவதைக் குறைக்க வேண்டும், வண்டியில் குலுங்கவே கூடாது என்றார். லான்சரின் ஸ்பிரிங் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தின்மேல் ஏறினாலும் கழுத்துக்குச் செய்தி அனுப்பும். "மெத்துன்னு ஸ்பிரிங் மாத்திக்கோங்களேன்" என்றாள் செல்வமேரி. "மாத்தலாம். அப்புறம் அது வேற வண்டி" என்றார் அவர். சில நாட்கள் தார்ப்பாயைத் தூக்காமலே இருந்தார். பிறகு விற்றுவிடுவது என்று முடிவு செய்தார்.

கார் பிரியர்கள் கூடும் ஓர் இணையதளத்தில் விளம்பரம் எழுதினார். என்னென்ன மாற்றினார் என்பதைவிட என்னென்ன குறை என்பது நீளமாக இருந்தது. குளிரில் மூன்றாவது கியர் முரண்டு பிடிக்கும். இடது கதவின் கண்ணாடி பாதிக்கு மேல் ஏறாது, கையால் தூக்கிவிட வேண்டும். செல்வமேரி படித்துவிட்டு, "இது விளம்பரமா, பாவசங்கீர்த்தனமா?" என்றாள்.

தொலைபேசி அழைப்புகள் வந்தன.

"சார், மைலேஜ் எவ்ளோ குடுக்கும்?"

"எட்டு."

"சிட்டியிலயா?"

"ஹைவேயில."

இணைப்பு போய்விடும். இன்னொருவர் எஞ்சினை மட்டும் கேட்டார். இன்னொருவர் ஏ.சி. இல்லையென்றதும், "அப்ப ஃபேமிலி எப்படி சார் போவும்?" என்று உண்மையான கவலையோடு கேட்டார். "பஸ்ஸில போவும்" என்றார் வேதசிரோமணி.

முதலில் நேரில் வந்தவன் பரணி. மேடவாக்கத்தில் குடியிருந்து சிறுசேரியில் வேலைக்குப் போகும் இளைஞன். தார்ப்பாயைத் தூக்கியதும் அவன் வண்டியைத் தொடவில்லை. கைகட்டி நின்றான்.

"சார், நாலு வருஷத்துக்கு முன்னாடி நைட் ஷிப்ட் முடிஞ்சு மேடவாக்கம் கூட்ரோட்டுல பைக்கோட நின்னுட்டிருந்தேன். விடியல. ஒரு சத்தம் போச்சு. வண்டி கண்ணுல படல, சத்தம் மட்டும்தான். அப்படியே உடம்பு சிலிர்த்துருச்சு. எத்தனை பேர்கிட்ட கேட்டிருக்கேன் தெரியுமா, அது யார் வண்டின்னு!"

வேதசிரோமணி கதவைத் திறந்துவிட்டார். "உள்ள உட்காருங்க" என்றார். எஞ்சின் கிளம்பியது. பரணி கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். பிறகு முகம் வாடியது.

"இது வேற மாதிரி இருக்கே சார்."

"அதே வண்டிதான் தம்பி."

"இல்ல, உள்ள இருந்து வேற மாதிரி இருக்கு. வெளிய நின்னு கேட்கிறது..." அவன் கையால் காற்றில் ஒரு கோடு இழுத்தான். "உங்களுக்குத் தெரியும்ல சார், வெளிய எப்படின்னு?"

தெரியாது. அந்தக் கேள்வி வந்த நொடியில்தான் வேதசிரோமணிக்கு அது உறைத்தது. வாசலில் நின்று உறுமுவதைக் கேட்டிருக்கிறார். ஓடும்போது, எங்கிருந்தோ வந்து, கடந்து, எங்கோ போய் மறையும்போது அது எப்படி ஒலிக்கும் என்று அவர் கேட்டதே இல்லை. ஓடும்போதெல்லாம் அவர் உள்ளே இருந்தார். சைலன்ஸரை மாற்றி மாற்றி, குழாயை நீட்டி, குறைத்து, இதம் பார்த்ததெல்லாம் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்த தன் காதுக்காகத்தான். ஊர் முழுக்கக் கேட்ட சத்தம் வேறு.

பரணி வாங்கவில்லை. விற்பவர் பக்கத்தில் உட்கார, வாங்குபவர் ஓட்டிப் பார்ப்பதுதான் வழக்கம். அவன் கேம்ப் ரோட்டின் நெரிசலில் வண்டியை நான்கு முறை அணைத்தான். பின்னால் நின்ற பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. கனத்த கிளட்சை மிதித்து மிதித்துக் கால் கடுத்தது. இறங்கி, "இத ஓட்ற ஆள் நான் இல்ல சார்" என்று ஒப்புக்கொண்டு, வண்டியின் கூரையை ஒருமுறை தடவிவிட்டுப் போனான்.

அன்று சாயங்காலம் செல்வமேரி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வேதசிரோமணி எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"மேரி, நான் வண்டில வரும்போது உனக்குக் கேட்குமா?"

"எனக்கா? கேம்ப் ரோட்டுல திரும்பும்போதே கேட்கும். அப்பத்தான் டிகாஷன் ஊத்துவேன். உள்ள வரும்போது காபி ரெடியா இருக்குதே, அது எப்படின்னு நினைச்சீங்க?"

"எப்படிக் கேட்கும்?"

அவள் கீரைக்கட்டை வைத்துவிட்டு யோசித்தாள். "டர்ர்ர்..." என்று தொடங்கி, தலையாட்டி நிறுத்தினாள். "இல்ல. பெரிய பட்டுப்புடவைய யாரோ தெருவுக்கு அந்தாண்ட மெதுவா கிழிச்சா எப்படி இருக்கும்? அப்படி. முடியும்போது பஸ்ல காத்து புடுங்கிவிட்ட மாதிரி ஒரு புஸ்ஸு." மறுபடி வாயால் செய்து காட்ட முயன்றாள். எச்சில் தெறித்துச் சிரிப்பு வந்துவிட்டது. "போங்க அந்தாண்ட. இந்த வயசுல என்னைய கார் மாதிரி கத்தச் சொல்றீங்க."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. தெருமுனையில் வாராவாரம் தன்னுடைய ஏதோ ஒன்று தனக்கு முன்னால் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. மனைவி அதைக் கேட்டுப் பாலைச் சூடாக்கியிருக்கிறாள். தான் மட்டும் அதைச் சந்தித்ததில்லை. விற்பதற்கு முன் ஒரே ஒரு முறை, சாலையோரம் நின்று, அது வந்து கடந்து போவதைக் கேட்டுவிட வேண்டும். அன்றிலிருந்து அவருக்கு வேறு எண்ணம் இல்லை. பல் அடுக்கும்போதும் காது தெருவில் இருந்தது.

அதற்கு வேறு யாராவது ஓட்ட வேண்டுமே! முனிரத்தினத்தின் பட்டறைக்குப் போனார். முனிரத்தினம் ஒரு ஆட்டோவுக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டினார்.

"இன்னா சார், அதிசயமா கீது? வண்டி இல்லாம வந்துகிறே?"

"முனி, நம்ம வண்டிய விக்கப் போறேன். அதுக்கு முன்னாடி நாளைக்குக் காலைல ஒரு ரவுண்டு ஓட்டணும். நீ ஓட்டு, நான் ரோட்டுல நிக்கிறேன்."

முனிரத்தினம் மெதுவாக வெளியே வந்தார். கையைத் துணியில் துடைத்தார். விரல் விரலாகத் துடைத்தார்.

"இத்தினி வருசம் சாவியத் தாலி மாதிரி மாட்டிக்கினு இருந்தே. கேட்டப்போ சிரிச்சே. இப்போ விக்கிறப்போ நான் வோணுமா?"

"தப்புதான் முனி."

"தப்பெல்லாம் இல்ல சார். நீ தரலன்னு அன்னிக்கே சாமி மேல சத்தியம் பண்ணிட்டேன், அந்த சீட்ல குந்த மாட்டேன்னு. நீ நல்ல மன்சன். சத்தியம் சத்தியம்தான். டீ சாப்புடு."

டீ சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார்.

மூன்றாவது வாரம் எதிராஜ் போன் செய்தார். கோவளத்திலிருந்து மீன் ஏற்றும் டெம்போ இரண்டு வைத்திருப்பவர். நெட் சென்டர் பையன் ஒருவன் படித்துச் சொன்னானாம். ஞாயிறு மதியம் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையோடு சேலையூர் வந்தார். அகன்ற தோள். கையில் ஐஸ் போட்ட பை. அதை நேராகச் செல்வமேரியிடம் நீட்டினார்.

"வஞ்சிரம்கா. காலைல ஏறினது. வண்டி படிஞ்சாலும் சரி, படியாங்காட்டியும் சரி, மீன் உங்க மீன்."

செல்வமேரி செவுளைத் தூக்கிப் பார்த்தாள். சிவப்பாக இருந்தது. அதோடு அவள் எதிராஜ் பக்கம் சாய்ந்துவிட்டாள் என்பது வேதசிரோமணிக்குப் புரிந்தது.

எதிராஜ் வண்டியைச் சுற்றி வரவில்லை. முன்னால் மண்டியிட்டு, டயரின் உட்பக்கத்தைத் தடவினார். பானெட்டைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். கிளட்சைக் கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, "நம்ம டெம்போ கணக்கா கீது. இது போயி கஷ்டம்னு எவன் சொன்னது?" என்றார்.

"உங்களுக்கு எதுக்குங்க இந்த வண்டி?" என்று செல்வமேரி கேட்டாள்.

"ராவெல்லாம் மீனுக்காக ஓட்றேன்கா. ஐஸ் உருகறதுக்குள்ள போவணும், அதுக்காக ஓட்றேன். பொண்டாட்டி புள்ளைங்களுக்காக ஓட்றேன். எதுக்குமே இல்லாம ஒரு வாட்டி ஓட்டணும்னு ரொம்ப நாளா ஆசை."

அவள் மீன் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வேதசிரோமணி சாவியை எடுத்துக்கொண்டு இடதுபக்கக் கதவைத் திறந்தார். எதிராஜ் அசையவில்லை.

"நீ ஏறாத சார்."

"ஓட்டிப் பாக்க வேணாமா?"

"பாக்கணும். நீ இல்லாம. எங்க வூட்ல ஒரு வயக்கம் கீது. படகு வாங்கறப்போ, விக்கிறவன் கரைலதான் நிக்கணும். வாங்கறவன் மட்டும் அலை தாண்டிப் போயிட்டு வரணும். அவனும் ஏறினா, அது அவனுக்குத்தான் கட்டுப்படும், அவன் பேச்சத்தான் கேக்கும். எங்க நைனா அப்டித்தான் வாங்கினாரு, நானும் டெம்போவ அப்டித்தான் வாங்கினேன். தனியா வுட மனசில்லன்னா சொல்லு, மனஸ்தாபமே இல்ல, போய்க்கினே இருக்கேன்."

வேதசிரோமணி கதவைப் பிடித்தபடி நின்றார். கேட்க வேண்டும் என்று ஏங்கியது அதுவாகவே வாசலுக்கு வந்து நிற்கிறது. அதற்கு விலை, பெயரும் ஊரும் மட்டுமே தெரிந்த ஒருவர் கையில் சாவியைக் கொடுத்துவிட்டுத் தள்ளி நிற்பது. குளிரில் மூன்றாவது கியர் முரண்டு பிடிக்குமே? ஈரத்தில் பின்பக்கம் வழுக்குமே? ஆளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

"நான் பின்னால..." என்று தொடங்கினார்.

"பின்சீட்டு எங்க சார் கீது? நீதான் கயட்டிட்டியே!"

செல்வமேரி உள்ளிருந்தே குரல் கொடுத்தாள். "அவரு ஓடுற சத்தத்த வெளிய நின்னு கேட்கணுமாம். ரெண்டு வாரமா அதே பொலம்பல். கேட்க ஆசை, கொடுக்க பயம்."

எதிராஜ் வேதசிரோமணியை ஏற இறங்கப் பார்த்தார். "நெசமாவா? கேட்டதே இல்லியா? இன்னா சார் இது, இத்தினி வருசம் குடும்பம் நடத்திட்டு பொண்டாட்டி மூஞ்சியப் பாக்கலன்ற மாதிரி கீது!"

மறுநாள் விடியலில், மாம்பாக்கத்துக்கு முன்னால் ஏரிக்கரை ஓரம் நேராக ஓடும் இடத்தில் சந்திப்பது என்று முடிவாயிற்று.

வேதசிரோமணி வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார். கழுத்தில் பட்டை போட்டிருந்தார். மழை பெய்து விட்டிருந்தது. ஏரியில் தவளைகள் கத்தின. சாலையோரத்தில் புதிதாக எழுந்த அடுக்குமாடிகளின் கம்பிகள் பனியில் பாதி கரைந்து நின்றன. ஒரு போர்வெல் அருகே தண்ணீர் லாரி ஒன்று வாய் திறந்து நிரம்பிக்கொண்டிருந்தது. லாரி டிரைவர் சக்கரத்தின் பக்கத்தில் குந்தியபடி பல் தேய்த்தார். கேளம்பாக்கம் பக்கமிருந்து மீன் டெம்போ வந்து நின்றது. எதிராஜ் குதித்து இறங்கினார். டெம்போவை அவருடைய டிரைவர் தாம்பரம் மார்க்கெட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

"மூணாவது கியரு..." என்றார் வேதசிரோமணி.

"பையன் படிச்சான் சார் வெளம்பரத்துல."

"அந்த வளைவுக்கு முன்னாடியே காலை எடுத்துடுங்க. பால் வண்டி வரும்."

"எடுக்கறேன்."

"டர்போ உடனே எழுந்திரிக்காது. கொஞ்சம் நேரம்..."

"சார். சாவி."

சாவி கை மாறியது. எதிராஜ் செருப்பைக் கழற்றிச் சாலையோரம் வைத்தார். வெறுங்காலோடு ஏறினார். வண்டி ஒரு குலுக்கலும் இல்லாமல் கிளம்பி, கேளம்பாக்கம் பக்கமாகப் பனிக்குள் போயிற்று. பின்விளக்குகள் இரண்டு சிவப்புப் பூக்களாகி, ஒன்றாகி, இல்லாமல் போயின.

வேதசிரோமணி அந்தச் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றார். எஞ்சின் இல்லாத அந்த இடத்தை அவர் அதுவரை அறிந்ததில்லை. ஏரிக்கு மூச்சு இருந்தது. நாணல் உரசியது. ஒரு நாரை எழுந்து, இறக்கை ஒலி தெளிவாகக் கேட்கத் தலைக்குமேல் போயிற்று. நேரம் போகிறதா நிற்கிறதா என்று தெரியவில்லை. தான் நிற்பதே கனவில் நிற்பதுபோல் இருந்தது. திரும்பி வராமல் போனாலும் போகலாம் என்று ஒருமுறை தோன்றியது. ஆச்சரியமாக, அந்த எண்ணம் பயமாக வரவில்லை. பனியைப் போலத் தரையோடு வந்து, காலைச் சுற்றி நின்றது.

அப்போது தூரத்தில் ஒரு முழக்கம் எழுந்தது. உயரத்திலிருந்து வருவதுபோல, பரந்து, மெல்ல இறங்கி வந்தது. தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து பயிற்சி விமானம் கிளம்பிவிட்டது, இவ்வளவு சீக்கிரமா என்று நினைத்தார். இந்தச் சத்தத்தில் வண்டியின் சத்தம் கலந்துவிடுமே என்று எரிச்சல் வந்தது. அண்ணாந்து மேகத்துக்கு நடுவில் தேடினார். கழுத்துப் பட்டை இடித்தது. முழக்கம் பெருகி அவர்மேல் கவிந்தது. சட்டை படபடத்தது. குனிந்து பார்த்தபோது ஒரு வெள்ளை வண்டி அவரைக் கடந்து வண்டலூர் பக்கம் போய்க்கொண்டிருந்தது. காற்றில் சூடான எண்ணெயின் வாசனை நின்றது. அந்த வாசனையை வைத்துத்தான் போனது தன் வண்டி என்று அவருக்குத் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் எதிராஜ் மெதுவாகத் திரும்பி வந்து எதிரே நிறுத்தினார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"கேட்டியா சார்?"

வேதசிரோமணி கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"இன்னா சார்? நல்லால்லியா?"

"ஏரோப்ளேன்னு நினைச்சு மேல பாத்துட்டேன்."

எதிராஜ் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரித்தார். கண்ணீர் வரச் சிரித்தார். "பெத்த புள்ளைய பக்கத்துல வச்சிகினு ஆகாசத்துல தேடிகீறியே!" பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னோர் வாட்டி போறேன். இந்த வாட்டி ரோட்டப் பாரு" என்று வண்டியைக் கிளப்பினார்.

இம்முறை வேதசிரோமணி சாலையை மட்டும் பார்த்தார். வெளிச்சம் வந்துவிட்டிருந்தது. முதலில் ஒன்றும் கேட்கவில்லை. தவளைகள் நின்றுவிட்டன, அது மட்டும் தெரிந்தது. பிறகு உள்ளங்காலில் ஒரு நடுக்கம். அதன்மேல் ஒரு மெல்லிய இழை. இழை தடித்து, பிரிந்து, பல குரலானது. அவர் உள்ளே இருந்து கேட்டது ஒற்றைக் குரல். இங்கே ஏரி ஒரு குரலைத் திருப்பித் தந்தது, அடுக்குமாடிச் சுவர் ஒன்றைத் தந்தது, ஈரச் சாலை அடியில் சன்னமாக இன்னொன்றை இழுத்துக்கொண்டு வந்தது. வண்டி கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டாவது கியர். மூன்றாவது. முரண்டு பிடிக்கவில்லை. எஞ்சின் வேகம் காட்டும் முள் எந்த இடத்தில் நிற்கிறதென்று காதாலேயே பார்க்க முடிந்தது. அவர் எப்போதும் கியர் மாற்றிவிடும் இடம் வந்தது. எஞ்சின் அதற்கு மேலும் போகும் என்று அவருக்குத் தெரியும். தேவையென்று அவருக்குத் தோன்றியதில்லை. எதிராஜ் மாற்றவில்லை. குரல் அந்த இடத்தைத் தாண்டி மேலே ஏறியது. அவர் வடித்துத் தேய்த்த எல்லா வழிகளிலும் காற்று பாடிக்கொண்டு போவதை, அவர் ஒருநாளும் போகவிடாத உயரத்தில், நின்றபடி கேட்டார். வண்டி கடந்தது. ஒலி தாழ்ந்து, தாழ்ந்து, வளைவுக்கு முன்னால் ஒரு பெருமூச்சாக முடிந்தது. பால் வண்டிக்காரர் மணியடித்துக்கொண்டு எதிரே வந்தார்.

வேதசிரோமணி கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

தண்ணீர் லாரி டிரைவர் வாயைக் கொப்பளித்துவிட்டு, துண்டால் முகம் துடைத்தபடி அருகில் வந்து சாலையின் அந்தக் கோடியைப் பார்த்தார்.

"யார் வண்டி சார் அது?"

"எதிராஜ்னு ஒருத்தர்" என்றார் வேதசிரோமணி. "கோவளத்துக்காரர்."

"சைலன்ஸர்ல ஓட்டை இருக்கும்போல. பாத்து மாத்தச் சொல்லுங்க."

"சொல்றேன்" என்றார் வேதசிரோமணி.